புரூஸ் ட்ரெயில் யாருடையது? மூடிய பாதை, நன்கொடை, மகனின் 40 மணித்தியாலம்

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் சொல்லிப் பார்க்கிறேன். ஒன்ராறியோவின் மில்ரன் நகர்ப் பக்கம், புரூஸ் ட்ரெயில் என்ற நீண்ட நடைபாதையில் குடும்பத்தோடு நடந்து பழகிவிட்டீர்கள். போன முறை போனபோது, வழக்கமாக நுழைகிற காட்டுத்துண்டின் வாசலில் கயிறு கட்டி, காணி உரிமையாளரின் வேண்டுகோளின்படி பாதை மூடப்பட்டுள்ளது, தெரு வழியாகச் சுற்றிப் போகவும் என்று அறிவித்தல் தொங்கியது. ஐம்பது வருடத்துக்கும் மேலாகச் சனம் நடக்கிற பாதையைத் தனி ஒருவர் எப்படி மூடலாம்? கயிற்றைத் தாண்டிப் போனால் என்ன ஆகும்? இதைக்கூடத் தடுக்கமுடியாத, பாதையைப் பராமரிக்கிற சங்கத்துக்கு ஏன் காசு கொடுக்கவேண்டும்? கடைசி வரியில், மகனின் பள்ளிக்கூடத் தொண்டு மணித்தியாலங்களை அங்கே செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதைக் கடைசியில் பார்ப்போம். மற்ற மூன்றுக்கும் அடியில் கிடப்பது ஒரே கேள்விதான்: இந்தப் பாதை யாருடையது?

நான் யார் என்பதையும் சொல்லிவிடவேண்டும். வேலை, சட்ட அலுவலகத்தில் வீடு, காணி வாங்கல் விற்றல் பத்திரங்களைப் பார்ப்பது. சட்டத்தரணி இல்லை. வார இறுதிகளில் இதே பாதையின் ஒரு சிறு துண்டைப் பார்த்துக்கொள்கிற தொண்டர். ஆகவே காணியைப் பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் நம்பலாம். பாதையைப் பற்றிச் சொல்வதை இன்னும் கொஞ்சம் கூடுதலாக நம்பலாம். உங்களுடைய அந்தக் குறிப்பிட்ட துண்டு ஏன் மூடப்பட்டது என்பதை இங்கிருந்து யாராலும் சொல்லமுடியாது. எதனால் இப்படி நடக்கிறது என்பதைச் சொல்லலாம்.

நயாகரா ஆற்றங்கரையில் குயின்ஸ்ரனில் தொடங்கி, வடக்கே ஹியூறன் ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ரொபர்மொரி வரை இந்தப் பாதை போகிறது. பிரதான பாதை மட்டும் ஏறக்குறைய 900 கிலோமீற்றர். பக்கப் பாதைகள் இன்னும் 400 கிலோமீற்றருக்கு மேல். கனடாவில் அடையாளமிட்ட நடைபாதைகளில் மிகப் பழையதும் இதுதான். இத்தனை நீளமும் ஒரே காணியாகவோ ஒரே பூங்காவாகவோ இல்லை. ஒரு துண்டு மாகாணப் பூங்கா, அடுத்தது ஹோல்ரன் அல்லது ஹமில்ரன் இயற்கைப் பாதுகாப்பு அதிகார சபையின் காணி, அதற்கடுத்தது ஊராட்சியின் கைவிடப்பட்ட பழைய தெரு, பிறகு ஒரு விவசாயியின் சோளக்காட்டு ஓரம், பிறகு பாதைச் சங்கமே வாங்கிய காடு, வடக்குக் கோடியில் தேசியப் பூங்கா. ஒரே நாள் நடையில் ஐந்தாறு உரிமையாளர்களின் நிலத்தை மிதித்திருப்பீர்கள், தெரிந்திருக்காது. தெரியாதபடி அதைத் தைத்து வைத்திருப்பதுதான் சங்கத்தின் கெட்டித்தனம். அதில் ஒரு தையல் விட்டுப்போனதைத்தான் நீங்கள் போன வாரம் பார்த்தீர்கள்.

இது இப்படி ஆனதற்குக் காரணம் பாதை பிறந்த விதம். ஹமில்ரன் உருக்கு ஆலையில் வேலை பார்த்த றே லோஸ் என்ற இயற்கை ஆர்வலரின் யோசனை இது. நயாகரா பாறைச்சரிவு என்ற நீண்ட செங்குத்துப் பாறையின் விளிம்போடு, ஆற்றிலிருந்து புரூஸ் குடாநாட்டு நுனி வரை, ஒரு நடைபாதை. 1960 இல் நாலு பேர் கூடிப் பேசி வேலையைத் தொடங்கினார்கள். 1963 இல் சங்கம் பதிவானது. 1967 இல், கனடாவின் நூற்றாண்டு வருடத்தில், பாதை முழுமையாகத் திறக்கப்பட்டது. இடையில் ஏழு வருடம்தான். இத்தனை வேகமாக முடிந்ததற்குக் காரணம், அவர்கள் காணி எதையும் வாங்கப்போகவில்லை. முதல் பாதை இயக்குநராக இருந்த பிலிப் கொஸ்லிங்கும் மற்றவர்களும் பண்ணை பண்ணையாகப் போய்க் கதவைத் தட்டினார்கள். "உங்கள் காட்டு ஓரமாகச் சனம் நடந்து போகலாமா?" என்று கேட்டார்கள். பலர் சரி என்றார்கள். கை குலுக்கினார்கள். எழுத்தில் ஒன்றுமில்லை. அந்தக் கைகுலுக்கல்களின் மேல்தான் பாதையின் பெரும்பகுதி போடப்பட்டது.

யாழ்ப்பாணத்துக்காரருக்கு இது நம்பமுடியாத கதையாக இருக்கும். வேலி ஒரு சாண் தள்ளிப்போனதற்கு இரண்டு தலைமுறை கோட்டுக்கு ஏறுகிற ஊரில் பிறந்தவர்கள் நாங்கள். இங்கே ஒரு மனிதன், முன்பின் தெரியாத ஆயிரம் பேர் தன் காணிக்குள் நடந்துபோக, ஒரு சதம் வாங்காமல், ஒரு பேப்பரில் கையெழுத்துப் போடாமல், சரி என்கிறான். மூடினார் என்று கோபப்படுவதற்கு முன்னால், இத்தனை வருடம் திறந்து வைத்திருந்தாரே என்பதைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும் என்பது என் கட்சி.

அவர் ஏன் சம்மதிக்கிறார்? நல்ல மனசு ஒரு காரணம். சட்டமும் கொஞ்சம் உதவுகிறது. வெளியாள் ஒருவர் தன் காணியில் விழுந்து காலை முறித்தால் வழக்கு வருமே என்பதுதான் இங்கே எந்தக் காணிக்காரருக்கும் முதல் பயம். ஒன்ராறியோவில் காணி வைத்திருப்போரின் பொறுப்பு பற்றி ஒரு சட்டம் உண்டு. அடையாளமிட்ட பொழுதுபோக்குப் பாதையில், கட்டணம் எதுவும் கட்டாமல் நடக்க வருகிறவர், அந்தப் பாதையின் ஆபத்துகளைத் தானே ஏற்றுக்கொண்டவராகவே அந்தச் சட்டம் கருதுகிறது. உரிமையாளர் வேண்டுமென்றே பொறி வைக்கக்கூடாது, ஆள் இருப்பது தெரிந்தும் கண்மூடித்தனமாக நடக்கக்கூடாது. அவருடைய கடமை கிட்டத்தட்ட அவ்வளவுதான். இதில் கட்டணம் என்ற சொல் முக்கியம். நுழைவதற்குக் காசு வாங்கினால் அந்தப் பாதுகாப்புப் போய்விடும். வாகனத் தரிப்புக்கு வாங்கும் காசு அதில் சேராது என்று 2016 இல் ஒரு திருத்தம் தெளிவாக்கியது. "இத்தனை நல்ல பாதையை ஏன் இலவசமாக விட்டிருக்கிறார்கள்" என்று பலரும் கேட்கிறார்கள். பெருந்தன்மையோடு இந்தச் சட்டக் கணக்கும் அதற்குள் இருக்கிறது.

இனி உங்கள் நேர்க் கேள்வி. ஐம்பது வருடம் நடந்தால் அது பொதுவழியாக ஆகிவிடாதா? இங்கிலாந்தில் ஆகியிருக்கும் என்று சொல்லலாம். அங்கே 1980 ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டப்படி, யாருடைய அனுமதியும் கேட்காமல், ஒளிக்காமல், சண்டை பிடிக்காமல், 20 வருடம் சனம் நடந்துவந்த வழி, பொதுவழியாக விடப்பட்டதாகவே கொள்ளப்படும். காணிக்காரர் அப்படி விட எண்ணவில்லை என்பதற்கு ஆதாரம் காட்டினால் தவிர. ஊரிலும் வழிப்பாத்தியதை என்று வழக்காடுவதைக் கேட்டிருப்பீர்கள். ஆனால் எல்லா இடத்திலும் ஒரு அடிப்படை விதி பொது: அனுமதி வாங்கி நடந்த வழி எத்தனை வருடமானாலும் உரிமையாக மாறாது. புரூஸ் ட்ரெயில் முதல் நாளிலிருந்தே அனுமதி கேட்டுப் போட்ட பாதை. அனுமதி கேட்டதனால்தான் பாதை கிடைத்தது. அனுமதி கேட்டதனாலேயே அது உரிமையாக ஆகவும் முடியாது. கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் திருப்பி எடுக்கலாம்.

என் அலுவலக அனுபவத்தில் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. பாறைச்சரிவு ஓரமாக ஒரு பழைய பண்ணை விற்பனைக்கு வருகிறது. வாங்குபவருக்காகக் காணிப் பதிவைத் தேடினால் அடைமானம் வரும், மின்சாரக் கம்பிக்கு விட்ட பாத்தியம் (அடுத்தவர் காணியைப் பயன்படுத்தும் உரிமை) வரும், எரிவாயுக் குழாய் வரும். முப்பது வருடமாகச் சனம் நடக்கிற பாதை வராது. கைகுலுக்கல் பதிவில் ஏறாது. பழைய உரிமையாளரோடு செய்த ஒப்பந்தம் அவர் மகனைக் கட்டாது, அவரிடமிருந்து வாங்கியவரையும் கட்டாது. புதிதாக வந்தவர் முதல் சனிக்கிழமை காலையில் கோப்பியோடு வெளியே வந்து பார்க்கிறார். பத்துப் பேர் நாயோடு பின்வளவால் போகிறார்கள். அவருடைய அதிர்ச்சியை நான் தப்பென்று சொல்லமாட்டேன். சங்கத்தில் காணிக்காரர்களோடு உறவு பேணுவதற்கென்றே தொண்டர்கள் இருக்கிறார்கள். காணி கை மாறுவது தெரிந்தவுடன் போய் அறிமுகமாவது அவர்கள் வேலைகளில் முக்கியமானது. சிலர் சரி என்பார்கள். சிலர் ஒரு வருடம் பார்ப்போம் என்பார்கள். சிலர் மாட்டார்கள்.

காணி கை மாறுவதுதான் மூடப்படுவதற்குப் பெரிய காரணம் என்பது என் கணிப்பு. புள்ளிவிபரம் வைத்துச் சொல்லவில்லை. மற்றக் காரணங்களும் பல. கார்த்திகை மாத மான்வேட்டைக் காலத்தில் தன் காட்டைச் சில நாட்களுக்கு மூடச் சொல்பவர்கள் உண்டு. மரம் வெட்டும் ஒப்பந்தக்காரர் வந்தால் மூடவேண்டும். இப்போது மிகப் பெரிய தலையிடி ஆஷ் மரங்கள். 2002 இல் ஒன்ராறியோவில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பச்சை வண்டு, மரப்பட்டைக்குள் புழுவாக இருந்து இந்த மரங்களை இலட்சக்கணக்கில் கொன்றுவிட்டது. செத்த ஆஷ் மரம் நின்றபடியே உக்கும். காற்றில்லாத நாளிலும் கொப்பு முறிந்து விழும். அந்த இடத்தில் பாதையை மூடாமல் வைத்திருப்பதுதான் குற்றம். ஆனால் உங்கள் அறிவித்தலில் உரிமையாளரின் வேண்டுகோள் என்று இருப்பதால், மரத்தைவிட மனிதர்களே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். அவிழ்த்துவிட்ட நாய் மாட்டைக் கலைத்தது, வாசலை மறித்துக் கார் நிறுத்தியது, வேலியைக் கடக்க வைத்த மரப்படியில் ஏறாமல் கம்பிவேலியை அமத்திக் கடந்தது, பெட்டிபோல் ஒலிபெருக்கி கொண்டுவந்து பாட்டுப் போட்டது என்று இந்தப் பட்டியலை நான் பல காணிக்காரர்களிடம் கேட்டிருக்கிறேன். 2020 வசந்தத்தில் பெருந்தொற்றுக்காகப் பாதை மூடப்பட்டது. திரும்பத் திறந்தபின் நகரத்துச் சனமெல்லாம் ஒரேயடியாக இங்கே வந்தது. சில காணிக்காரர்களின் பொறுமை முடிந்தது அப்போதுதான். எங்கள் ஆட்களும் இதில் விலக்கில்லை. இருபது முப்பது பேராக, சாப்பாட்டுப் பெட்டிகளோடு போகிறோம். அதில் ஒரு பிழையும் இல்லை, குப்பையும் சத்தமும் கூடவே திரும்பி வந்தால்.

அரசு தலையிட்டு இதைச் சட்டமாக்கிவிடலாமே என்று தோன்றும். இரண்டு முறை அரசு பக்கத்தில் வந்தது. இரண்டு முறையும் காணிக்காரர் முறுக்கிக்கொண்டார்கள். 1973 இல் பாறைச்சரிவைப் பாதுகாக்க மாகாணம் ஒரு திட்டமிடல் சட்டம் கொண்டுவந்தது. காணியைப் பிரிக்க, கட்ட, கல்லுடைக்கக் கட்டுப்பாடுகள். பாறைச்சரிவு இன்று தப்பியிருப்பதற்கு அந்தச் சட்டமும், அதன் வழி 1985 இல் வந்த திட்டமும்தான் பெரிய காரணம். 1990 இல் யுனெஸ்கோ இதை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றதும் அதன் பிறகுதான். ஆனால் அன்று கோபப்பட்ட விவசாயிகளுக்கு அரசு ரொறொன்ரோவில் எட்டாத தூரத்தில் இருந்தது. பாதை வீட்டுக்குப் பின்னால் இருந்தது. சிலர் பாதையை மூடினார்கள். 2016 இல் பாதைகளுக்கான சட்டம் ஒன்று வந்தபோதும் அதேதான். விரும்பிய உரிமையாளர் பாதைக்கென்று நிரந்தரப் பாத்தியம் எழுதிக்கொடுக்கலாம் என்றது சட்டம். "காணியைப் பறிக்கப் போகிறார்கள்" என்று கதை பரவியது. பனிவண்டிப் பாதைகள் பலவற்றைக் காணிக்காரர்கள் மூடினார்கள். முழுக்க முழுக்க உரிமையாளரின் விருப்பம் என்று தெளிவாக்கும்படி சட்டமூலத்தைத் திருத்தவேண்டி வந்தது. ஆகவே, கட்டாயப்படுத்தினால் பாதை நீளாது, குறையும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பிறகு சங்கம் என்னதான் செய்கிறது? சுருக்கமாகச் சொன்னால், கைகுலுக்கலை உறுதியாக மாற்றுகிறது, காணித் துண்டு காணித் துண்டாக. தொடக்கத்தில் நடப்பவர்களின் சங்கமாக இருந்தது, மெல்ல மெல்லக் காணி வாங்கிப் பாதுகாக்கும் அறக்கட்டளையாக மாறியது. பெயரிலும் 2007 இல் பாதுகாப்பு என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டது. பாறைச்சரிவின் விளிம்போடு பாதை போகவேண்டிய மிகச் சிறந்த தடம் எது என்று வரைபடத்தில் குறித்து வைத்திருக்கிறார்கள். இன்று பாதை தெருவோரமாகப் போகிற ஒவ்வொரு இடத்திலும், அந்தத் தடம் பக்கத்தில் யாரோ ஒருவரின் காணிக்குள் கிடக்கிறது. அந்தக் காணி சந்தைக்கு வரும்வரை காத்திருப்பார்கள். பத்து வருடம், இருபது வருடம் ஆகலாம். வந்தவுடன் கையில் காசு இருக்கவேண்டும். இதுதான் உங்கள் நன்கொடைக் கேள்விக்குச் சரியான இடம். விற்பவர் அறுபது நாளில் முடிக்கச் சொல்வார். அதற்குப் பிறகு சபை கூடி, காசு சேர்த்து முடியாது.

எல்லாம் விலைக்கு வாங்குவதும் இல்லை. சில சமயம் முழுப் பண்ணையையும் வாங்கி, விளிம்புக் காட்டைத் தனியாகப் பிரித்து வைத்துக்கொண்டு, வீட்டோடு மிச்சத்தை விற்றுவிடுவார்கள். சிலர் காணியைத் தானமாகத் தருவார்கள். சூழல் முக்கியத்துவம் உள்ளது என்று சான்று பெற்ற காணியைத் தானம் செய்தால் மத்திய அரசின் திட்டம் ஒன்று வரிச் சலுகை தருகிறது, மூலதன ஆதாயத்துக்கு வரியும் இல்லை. நாற்பது வருடத்துக்கு முன் சல்லிக் காசுக்கு வாங்கிய காட்டை வைத்திருக்கும் குடும்பத்துக்கு இது சின்ன விசயம் இல்லை. தானமாகத் தர மனமில்லாதவர், காணியைத் தானே வைத்துக்கொண்டு, பாதைக்கு மட்டும் பாத்தியம் எழுதிப் பதியலாம். அது பதிவில் ஏறும். நாளை யார் வாங்கினாலும் கட்டும். நான் பார்க்கிற பத்திரத்தில் அது வரும்.

இன்றைக்குப் பாதையின் பாதிக்கு மேல் இப்படிப் பாதுகாக்கப்பட்ட நிலத்தில் போகிறது, அரசுக் காணியும் சங்கத்துக் காணியுமாக. மிச்சம் இன்னும் தனியாரின் நல்லெண்ணத்திலும் தெருவோரத்திலும்தான். முழுத் தடமும் என்றாவது முடியுமா? இதை யாரும் உறுதியாகச் சொல்லக்கூடாது. காணி விலை ஏறுகிற வேகத்தைத் தொழிலில் பார்ப்பவன் என்ற முறையில் எனக்கு நம்பிக்கை குறைவு. நூறு விகிதம் வேண்டாம், பாதை விளிம்போடு போனாலே போதும் என்பவர்களோடு நான் உடன்படுகிறேன்.

பராமரிப்பு என்றால் பலரும் நினைப்பது வெள்ளை வண்ணக் குறி அடிப்பதைத்தான். அதுவும் வேலைதான். நின்றமேனிக்குக் கண் மட்டத்தில், 5 சென்ரிமீற்றர் அகலம், 15 உயரம். பிரதான பாதைக்கு வெள்ளை, பக்கப் பாதைக்கு நீலம். ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு குறி இருந்தால் பாதை திரும்புகிறது. மேற்குறி எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறதோ அந்தப் பக்கம். மேப்பிள் மரத்தின் சொரசொரப்பை மெதுவாகச் சுரண்டி, பட்டை கிழியாமல், தூரிகையின் நுனியால் மூலைகளைச் சதுரமாக்கவேண்டும். சொட்டு வழியவிட்டால் தூரத்திலிருந்து குறி நீண்டு தெரியும். ஆனால் பாதையின் உண்மையான எதிரி தண்ணீர். சரிவில் மழைத்தண்ணீர் பாதையையே வாய்க்காலாக எடுத்துக்கொள்ளும். அதைத் தடுக்க மரக்குற்றியையோ கல்லையோ பாதைக்குக் குறுக்கே சாய்வாகப் புதைத்துத் தண்ணீரைப் பக்கத்துக்குத் தள்ளுவோம். நேர் குறுக்காக வைத்தால் மண் அடைந்து ஒரே மாரியில் மேலாகப் பாயும். சித்திரை மாதச் சேற்றில் நடக்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: சேற்றுக்குள்ளாலேயே நடவுங்கள். சப்பாத்து அழுக்காகும் என்று ஓரத்தால் சுற்றினால் பாதை ஒவ்வொரு வருடமும் அகலும். அரை மீற்றர்ப் பாதை மூன்று மீற்றர்ச் சேறாகும். ஓரத்தில் முளைத்த ரில்லியம் பூச்செடி எல்லாம் மிதிபடும். மாட்டுவேலியைக் கடக்கிற மரப்படி, நாங்கள் மறி என்று சொல்வது, இன்னொரு முக்கியமான வேலை. அதில் ஒரு படி ஆடினால் சனம் வேலியை அமத்தும்; வேலி தொய்ந்தால் மாடு தெருவுக்கு வரும்; மாடு தெருவுக்கு வந்தால் பாதை மூடும். ஒரு ஆணியில் தொடங்குகிற கதை அது.

விளிம்பிலிருந்து பாதையை உள்ளே தள்ளிப்போட்டிருப்பதைச் சில இடங்களில் கவனித்திருப்பீர்கள். காட்சி கெட்டுப்போனது என்று திட்டுவார்கள். அந்தப் பாறை முகத்தில் ஆள் உயரம்கூட இல்லாமல் முறுக்கிக்கொண்டு நிற்கும் வெண்சீடார்களில் சில, ஆயிரம் வருடத்துக்கு மேல் பழையவை. 1980களின் இறுதியில் குவெல்ஃப் பல்கலைக்கழகத்து டக்ளஸ் லார்சனின் குழு வளையங்களை எண்ணும்வரை யாருக்கும் இது தெரியாது. சோழர் காலத்து மரங்கள், நாங்கள் பையைக் கொழுவிப் படம் எடுக்கிற கொப்புகள். அவற்றின் வேர் ஓடுகிற மண், விளிம்பில் ஒரு சாண்கூட இராது. அதனால்தான் பாதை பின்வாங்குகிறது.

சரி, காசு. சங்கம் பதிவு செய்யப்பட்ட தொண்டு நிறுவனம். நன்கொடைக்கு வரிப் பற்றுச்சீட்டு உண்டு. வருடத்தில் 200 டொலருக்கு மேல் போகிற நன்கொடைப் பகுதிக்குச் சலுகை விகிதம் கூடும் என்பதால், கோயிலுக்கும் இதற்குமாகக் கொடுப்பவர்கள் ஒரே வருடத்துக் கணக்கில் சேர்த்துப் போடுங்கள். நம்பாமல் கொடுக்கவேண்டாம். கனடாவின் எந்தப் பதிவு பெற்ற தொண்டு நிறுவனமும் வருடா வருடம் ரி3010 என்ற படிவம் வருமான வரித் திணைக்களத்துக்குக் கொடுக்கவேண்டும். அதை இணையத்தில் யாரும் பார்க்கலாம். பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். காணி வாங்கினால் அது செலவாகத் தெரியாது, சொத்தாக ஏறும். செலவு வரிகளை மட்டும் பார்த்துவிட்டு "இத்தனை காசைப் பதுக்கி வைத்திருக்கிறார்கள், சம்பளத்துக்கே போகிறது" என்று முடிவுகட்டிய பதிவுகளை நிறையப் படித்திருக்கிறேன். இந்த மாதிரி நிறுவனத்துக்குச் சொத்துக் கூடுவதுதான் வேலை நடப்பதற்கு அடையாளம். இன்னொரு குழப்பம்: ரட்டில்ஸ்னேக் பொயின்றிலும் மவுன்ற் நீமோவிலும் டண்டாஸ் உச்சிக்கும் முன்பதிவு செய்து கட்டுகிற காசு அந்தந்தப் பாதுகாப்பு அதிகார சபைக்குப் போகிறது. பாதைச் சங்கத்துக்கு இல்லை. "ஏற்கெனவே கட்டினேனே" என்பது சரியில்லை.

என்னைக் கேட்டால், பெரிய தொகை கொடுக்கப் போவதில்லை என்றால் அங்கத்தவராகச் சேருங்கள். ஒன்பது கழகங்கள் பாதையைத் துண்டு துண்டாகப் பகிர்ந்து பார்க்கின்றன; மில்ரன் பக்கம் என்பதால் இரோக்கோயா அல்லது ரொறொன்ரோ கழகம் உங்களுக்குக் கிட்ட. கல்லுடைக்கும் குவாரி விண்ணப்பமோ புதுத் தெருவோ வரும்போது, நகரசபைக்கு முன்னால் இத்தனை அங்கத்தவர் என்று சொல்கிற எண்ணிக்கைக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. குறை சொல்லவும் இடமுண்டு. கழகங்களின் முகம் இன்னும் வயதான வெள்ளை முகம்தான். நடப்பவர்களில் பாதி பிரம்ரன், மார்க்கம், ஸ்காபுரோச் சனமாக இருக்கிற இடங்களிலும் வேலைக்கு வருபவர்களில் எங்களைக் காண்பது அரிது. அதில் அவர்களுடைய பங்கு எவ்வளவு, எங்களுடையது எவ்வளவு என்பதில் எனக்கே இரண்டு மனம்.

கயிற்றைத் தாண்டலாமா? வேண்டாம். அனுமதி திருப்பி எடுக்கப்பட்ட நிமிடத்திலிருந்து அது அத்துமீறல். அத்துமீறலுக்கு ஒன்ராறியோவில் உச்சத் தண்டம் 10,000 டொலர், முன்பு 2,000 ஆக இருந்தது. குடும்பத்தோடு நடக்கப் போனவருக்கு யாரும் அந்த உச்சத்தைப் போடமாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். பயம் அதுவல்ல. அந்த உரிமையாளரிடம் பேசி, அடுத்த வசந்தத்திலாவது திறக்கச் சம்மதிக்கவைக்க யாரோ ஒரு தொண்டர் இப்போது முயன்றுகொண்டிருக்கலாம். மூடிய பிறகும் ஆள் வருகிறது என்று அவர் ஒரு நாள் கண்டால் அந்தப் பேச்சு முடிந்தது. சங்கத்தின் இணையத்தளத்திலும் செயலியிலும் பாதை மாற்ற அறிவித்தல்கள் வரும். தற்காலிகமா நிரந்தரமா என்று அதில் இருக்கும். போகுமுன் பாருங்கள். தெரு வழியாகச் சுற்றும்போது வாகனம் எதிரே வருகிற பக்கத்தில், ஒருவர் பின் ஒருவராக நடவுங்கள். பிள்ளைகளைப் புல்லுப் பக்கம் விடுங்கள்.

மகனுக்கு: ஒன்ராறியோ மேல்நிலைப் பள்ளிச் சான்றிதழுக்குத் தேவையான 40 மணித்தியாலத் தொண்டை இங்கே செய்யலாம். ஒன்பதாம் வகுப்புக்கு முந்திய கோடையிலேயே தொடங்கலாம். மோட்டார்க் கருவிகளோடு செய்யும் வேலை மாணவர்களுக்குக் கணக்கில் எடுபடாது. மரம் அறுக்கும் குழுவில் சேர்க்கவும் மாட்டார்கள். பொருத்தமானது வைகாசியில் நடக்கும் பூண்டுக்கடுகு பிடுங்கும் நாட்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த களை அது. இலையைக் கசக்கினால் உள்ளி மணம் வரும். வெள்ளைப் பூ விதையாகுமுன் வேரோடு இழுத்துப் பையில் கட்டவேண்டும், அங்கேயே போட்டுவிட்டு வந்தால் பிடுங்கிய செடியிலேயே விதை முற்றும். கழகத்துக்கு மின்னஞ்சல் போட்டு நாள் கேளுங்கள். முழுக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை, காலுறைக்குள் காற்சட்டை, கையுறை. காட்டு பார்ஸ்னிப் என்று மஞ்சள் பூப் பூக்கிற செடி ஒன்று உண்டு. அதன் பால் பட்ட தோலில் வெயில் பட்டால் நெருப்புச் சுட்டதுபோல் கொப்பளிக்கும். அதைப் பொறுப்பாளர் காட்டித்தருவார், தொடவேண்டாம். வீட்டுக்கு வந்ததும் முழங்காலுக்குப் பின்னால், அக்குளில், காதுக்குப் பின்னால் உண்ணி பார்க்கவேண்டும். பள்ளியின் படிவத்தைப் போகுமுன்பே வழிகாட்டி ஆசிரியரிடம் எடுத்து, அன்றைக்கே பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். இரண்டு மாதம் கழித்துத் தேடிப்போனால் அவரைப் பிடிப்பது கஷ்டம்.